பிறருக்காகச் செய்யப்படும் முன்பதிவு: குறுங்கால வாடகை வீட்டுக்காரர் அறிய வேண்டியவை

முன்னுரை

ஒரு வீட்டையோ அறையையோ சில நாள்களுக்கு மட்டும் வாடகைக்கு விடுவது குறுங்கால வாடகை எனப்படும். ஹோம்ஸ்டே, சர்வீஸ் அபார்ட்மெண்ட், காட்டேஜ் என்று பல பெயர்களில் இது நம் ஊர்களில் வழங்குகிறது. இத்தகைய வீட்டை ஒருவர் தமக்காக அல்லாமல், வேறொருவர் தங்குவதற்காகப் பதிவு செய்வதே பிறருக்கான முன்பதிவு. இதை மூன்றாம் தரப்பு முன்பதிவு என்றும் சொல்வர். பணம் கட்டுபவர் ஒருவர். வந்து தங்குபவர் இன்னொருவர்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஊரில் உள்ள பெற்றோருக்காகப் பதிவு செய்வதும், நிறுவனம் தன் ஊழியருக்காகப் பதிவு செய்வதும் அன்றாடம் நடப்பவை. இவற்றுள் பெரும்பாலானவை அன்பினாலோ வசதிக்காகவோ செய்யப்படுபவை. எனினும் இதே வழியில்தான் சில ஏமாற்று வேலைகளும் நடக்கின்றன. ஆகவே வீட்டுக்காரர் எல்லாவற்றையும் மறுப்பதும் தவறு; எல்லாவற்றையும் கேள்வியின்றி ஏற்பதும் தவறு. இரண்டுக்கும் இடைப்பட்ட முறையான வழி எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டுக்காரர்களுக்கு மட்டுமன்றி, பெற்றோருக்காகவும் நண்பர்களுக்காகவும் இணையத்தில் பதிவு செய்து தரும் மாணவர்களுக்கும் இது பயன்படும்.

1. ரயில் சீட்டும் வாடகை வீடும்

இச்சிக்கலைப் புரிந்துகொள்ள ரயில் பயணச் சீட்டு நல்ல எடுத்துக்காட்டு. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் மகள் தன் கணக்கிலிருந்து தந்தைக்குச் சீட்டு எடுக்கலாம். பணம் மகளுடையது, கணக்கும் மகளுடையது. ஆனால் சீட்டில் அச்சாகும் பெயர், வயது, பாலினம் மூன்றும் தந்தையுடையவை. பரிசோதகர் கேட்பது தந்தையின் அடையாள அட்டையை மட்டுமே. சீட்டை எடுத்தவர் யார் என்பது பரிசோதகருக்குத் தேவையில்லை. பயணம் செய்பவரை மாற்ற வேண்டுமானால் அதற்கும் விதி உண்டு. வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாக விண்ணப்பித்தால், நெருங்கிய குடும்ப உறுப்பினர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வாடகை வீட்டுத் தளங்கள் பலவற்றில் நிலைமை வேறு. அங்கே பதிவில் ஏறுவது கணக்கு வைத்திருப்பவரின் பெயர். தளம் சரிபார்ப்பது அவருடைய அடையாளத்தை. வீட்டுக்காரர் படித்துப் பார்க்கும் பழைய மதிப்புரைகளும் அவரைப் பற்றியவை. அப்படி இருக்க, வாசலில் வந்து நிற்பவர் வேறொருவர் என்றால், வீட்டுக்காரர் கையில் உள்ள தகவல் எதுவும் அவருக்குப் பொருந்தாது.

பிறருக்கான முன்பதிவின் அடிப்படைச் சிக்கல் இந்த இடைவெளிதான். பொறுப்பும் அடையாளமும் ஒருவரிடம். வீட்டுச் சாவி இன்னொருவரிடம். எனவே வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலையும் ஒன்றே. சாவி கைமாறுவதற்கு முன், தங்குபவரின் பெயரைப் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். இனி வரும் பகுதிகள் அனைத்தும் இதன் விரிவே.

2. யார், யாருக்காகப் பதிவு செய்கிறார்கள்?

அ) பிள்ளைகள் பெற்றோருக்காக: கும்பகோணம், சிதம்பரம், இராமேசுவரம், திருவண்ணாமலை போன்ற கோயில் ஊர்களில் இது மிகுதி. முதியவர்களுக்கு இணையத்தில் பதிவு செய்யும் பழக்கமோ, அட்டை மூலம் பணம் கட்டும் பழக்கமோ இருப்பதில்லை.

ஆ) நிறுவனம் ஊழியருக்காக: பணிக்காக ஊர் மாறிச் செல்பவர்களுக்கு நிறுவனத்தின் பயணப் பிரிவு பதிவு செய்கிறது. கடைசி நேரத்தில் ஓர் ஊழியருக்குப் பதில் இன்னொருவர் வருவதும் உண்டு.

இ) கல்யாண வீட்டார் உறவினருக்காக: மண்டபத்துக்கு அருகில் இரண்டு மூன்று வீடுகளை மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ எடுத்துவிடுகிறார்கள். முதல் நாள் ஒரு குடும்பம், மறுநாள் இன்னொரு குடும்பம் என ஆள்கள் மாறுவர். யார் எத்தனை பேர் என்பது பதிவு செய்தவருக்கே தெரியாது.

ஈ) நோயாளிகளுக்காக: வேலூர், சென்னை போன்ற மருத்துவமனை ஊர்களுக்கு வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். அவர்களுக்காக உறவினரோ முகவரோ பதிவு செய்கின்றனர். எத்தனை நாள் தங்குவர் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாத நிலையும் இதில் உண்டு.

உ) இளைஞர்களுக்காக: 18 வயது நிரம்பாதவர் தளங்களில் கணக்கு வைத்துப் பதிவு செய்ய முடியாது. எனவே வயதில் மூத்த ஒருவர் பதிவு செய்துவிட்டு, இளைஞர் குழு ஒன்றை மட்டும் அனுப்புவதுண்டு.

ஊ) இடைத்தரகர்கள்: தம் பெயரில் வீட்டை எடுத்து, கூடுதல் தொகைக்கு வேறொருவருக்குக் கைமாற்றுபவர்கள். தங்க வருபவருக்கு உண்மையான வாடகையும் தெரியாது. வீட்டு விதிகளும் தெரியாது.

முதல் நான்கு வகையில் பெரும்பாலும் தீய நோக்கம் இல்லை. ஐந்தாவதில் எச்சரிக்கை தேவை. ஆறாவதை ஏற்கவே கூடாது. வகையைப் பிரித்தறிவதே வீட்டுக்காரரின் முதல் வேலை.

3. என்னென்ன சிக்கல்கள் வரும்?

சேதம் ஏற்பட்டால் பொறுப்பு யாருடையது?

கண்ணாடி மேசை உடைகிறது என்று கொள்வோம். தங்கியவர், "பணம் கட்டியவர் அவர்தானே, அவரிடம் கேளுங்கள்" என்பார். பதிவு செய்தவர், "நான் அங்கே வரவே இல்லையே" என்பார். இருவருக்கும் இடையில் வீட்டுக்காரர் அலைய வேண்டியிருக்கும்.

வீட்டு விதிகள் போய்ச் சேராமை

அசைவம் சமைக்கக் கூடாது, மாடியில் இரவு 10 மணிக்கு மேல் கூட்டம் கூடாது, தண்ணீர் லாரி வரும் நாளில் சிக்கனம் தேவை என்பன போன்ற விதிகளைப் படித்து ஒப்புக்கொண்டவர் பதிவு செய்தவர். தங்குபவருக்கு அவை சொல்லப்பட்டிருக்காது. அவர் விதியை மீறுவது பெரும்பாலும் அறியாமையால்தான்.

மதிப்புரை பொய்யாகிவிடுதல்

தங்கி முடித்தபின் இரு தரப்பும் மதிப்புரை எழுதுவது தளங்களின் வழக்கம். இங்கே தங்கியவரின் நடத்தை, தங்காதவரின் கணக்கில் ஏறுகிறது. அடுத்த வீட்டுக்காரர் அதை நம்பி ஏமாறக்கூடும். அதேபோல் வீட்டைப் பார்க்காதவர் வீட்டைப் பற்றி மதிப்புரை எழுதுகிறார்.

அவசர நேரம்

தங்கியிருக்கும் முதியவருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலிக்கிறது. வீட்டுக்காரரிடம் உள்ள தொலைபேசி எண் அமெரிக்காவில் இருக்கும் மகனுடையது. அவருடைய பெயரும் வயதும் தெரியாமல், உடன் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல், 108 ஆம்புலன்சில் ஏற்ற வேண்டிய நிலை வரும். சேதத்தைப் பற்றிக் கவலைப்படும் பலர் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. பணத்தை விட இதுவே பெரிய சிக்கல்.

பாதுகாப்பு

சொன்னவர் ஒருவர், வந்தவர் வேறு என்ற இடைவெளி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 2019 அக்டோபர் 31 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரிண்டா என்னும் ஊரில், ஏர்பிஎன்பி வழியாக எடுக்கப்பட்ட வீட்டில் நடந்த விருந்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. ஐந்து பேர் உயிரிழந்தனர். காட்டுத்தீப் புகையிலிருந்து தப்பிக்க, ஆஸ்துமா உள்ள குடும்பத்தினர் சுமார் 12 பேர் தங்குவதாகச் சொல்லியே அவ்வீடு எடுக்கப்பட்டிருந்தது. வந்தவர்களோ நூற்றுக்கும் மேற்பட்டோர். இதன்பின் ஏர்பிஎன்பி விருந்து வீடுகளுக்கு எதிராக நடவடிக்கை அறிவித்தது. 2020 ஆகஸ்டில் உலகெங்கும் விருந்துகளுக்குத் தடை விதித்தது. 2022இல் அதை நிரந்தரமாக்கியது. எல்லாப் பதிவையும் இந்தக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. ஆனால் யார் வருகிறார், எத்தனை பேர் என்ற இரு கேள்விகளை ஏன் விடாமல் கேட்க வேண்டும் என்பதற்கு இது போதிய விடை.

4. தளங்களின் விதிகள்

எல்லாத் தளங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இரு பெரிய தளங்களை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி, தனிப்பட்ட பயணங்களுக்குப் பிறர் பெயரில் பதிவு செய்வதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. பதிவு செய்பவர் தாமும் தங்க வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. நண்பருக்கோ உறவினருக்கோ செய்யும் பதிவும் இதில் அடங்கும். அலுவல் பயணத்துக்கு விலக்கு உண்டு. நிறுவனத்தின் பயணப் பொறுப்பாளர் அதற்கான தனித் திட்டத்தின் வழியே சக ஊழியருக்குப் பதிவு செய்யலாம். பதிவு செய்தவர், தாம் அழைத்து வருபவர்களின் செயலுக்கும் தாமே பொறுப்பு என்பது அத்தளத்தின் விதி.

1996இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட புக்கிங் டாட் காம், ஓட்டல் வழக்கத்தை ஒட்டி வளர்ந்த தளம். அதன் பதிவுப் படிவத்திலேயே, தமக்காகப் பதிவு செய்கிறாரா பிறருக்காகவா என்ற கேள்வி உண்டு. பிறருக்காக என்றால் தங்குபவரின் பெயரைத் தனியே குறிப்பிட முடியும். ரயில் சீட்டு முறைக்கு இது நெருக்கமானது.

ஒரே வீட்டை இரு தளங்களிலும் பட்டியலிட்டிருக்கும் வீட்டுக்காரர், ஒன்றில் சரியாக இருப்பது மற்றொன்றில் விதிமீறல் ஆகலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சேதத்துக்கான காப்பு

ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களுக்கு 30 லட்சம் அமெரிக்க டாலர் வரையிலான சேதக் காப்பை அறிவித்துள்ளது. விருந்தினர் வெளியேறிய 14 நாள்களுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் தளத்தின் விதிக்கு மாறான பதிவு என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டிருந்தால், அந்தக் காப்பைப் பெறுவதில் தடை எழலாம். பதிவு செய்தவரும் தங்கியவரும் வேறு வேறு என்பதே தளத்தின் முதல் கேள்வியாகிவிடும்.

வீட்டுக்காரர் ரத்து செய்தால்

பதற்றத்தில் வீட்டுக்காரரே பதிவை ரத்து செய்துவிடுவது நல்லதன்று. ஏர்பிஎன்பியில் வீட்டுக்காரர் செய்யும் ரத்துக்குக் கட்டணம் உண்டு. வருகைக்கு 30 நாளுக்கு மேல் இருந்தால் பதிவுத் தொகையில் 10 விழுக்காடு. 30 நாள் முதல் 48 மணி நேரம் வரை 25 விழுக்காடு. அதற்கும் பிந்தினால் 50 விழுக்காடு. குறைந்த அளவு 50 அமெரிக்க டாலர். ஆகவே முதலில் தளத்தின் உதவி மையத்துக்குச் செய்தி அனுப்பி, இது பிறருக்கான பதிவு என்பதைத் தெரிவித்து, அவர்கள் வழியே தீர்வு காண்பதே முறை.

5. இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

ஒப்பந்தச் சட்டம்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகமை பற்றித் தனி அத்தியாயமே உள்ளது. ஒருவர் இன்னொருவருக்காக ஒப்பந்தம் செய்தால், செய்தவர் முகவர். யாருக்காகச் செய்தாரோ அவர் முதல்வர். அச்சட்டத்தின் 230ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதல்வருக்காகச் செய்த ஒப்பந்தத்துக்கு முகவர் தனிப்பட்ட முறையில் கட்டுப்பட்டவர் அல்லர். ஆனால் முதல்வரின் பெயரை அவர் வெளியிடவில்லை என்றால், அவரே பொறுப்பு என்று கருத இடமுண்டு.

இதிலிருந்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று, தங்குபவரின் பெயரை எழுத்தில் பெற வேண்டும். மற்றொன்று, "இவர்கள் தங்குவதற்கு நான் பொறுப்பேற்கிறேன்" என்று பதிவு செய்பவரிடமிருந்தும் எழுத்தில் ஒரு வரி பெற வேண்டும். வேறு உடன்பாடு என்று சட்டம் சொல்வதற்கு அந்த ஒரு வரி சான்றாக நிற்கும்.

18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்பதும் இதே சட்டத்தின் 11ஆம் பிரிவிலிருந்து பெறப்படுவது. எனவே இளையோர் மட்டும் தங்குவதற்காகச் செய்யப்படும் பதிவில், வயது வந்த ஒருவர் உடன் தங்குவதைக் கட்டாயமாக்குவது நியாயமே.

வெளிநாட்டவர் தங்கினால்

வெளிநாட்டுக் குடியுரிமை உடையவர் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையவழியில் தெரிவிக்கும் கடமை வீட்டுக்காரருக்கு உண்டு. படிவம் சி என்ற பெயரில் இது பலருக்கும் பழக்கமானது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. தங்குமிடம் தருபவர் தகவல் தர வேண்டும் என்ற கடமை அதிலும் தொடர்கிறது.

பிறருக்கான பதிவில் இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். கனடாவில் வாழும் ஈழத்தமிழர் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து சிதம்பரம் வரும் தம் அக்கா குடும்பத்துக்காகப் பதிவு செய்கிறார் என்று கொள்வோம். வீட்டுக்காரரிடம் இருப்பது கனடாக்காரரின் விவரம். தெரிவிக்க வேண்டியதோ இலங்கைக் கடவுச்சீட்டில் வரும் அக்கா குடும்பத்தின் விவரம். மொழியும் முகமும் நம்மவர் போலிருப்பதால் கடவுச்சீட்டைக் கேட்க மறந்துவிடக் கூடாது. மறுபுறம், வெளிநாட்டிலிருந்து மகன் பதிவு செய்ததாலேயே உள்ளூர்ப் பெற்றோருக்குப் படிவம் நிரப்ப வேண்டியதும் இல்லை. சட்டம் பார்ப்பது தங்குபவரை. பதிவு செய்தவரை அன்று.

அடையாள அட்டை

வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, ஆதார் ஆகியவற்றுள் ஒன்றைக் கேட்கலாம். பான் அட்டையில் முகவரி இல்லாததால் அது இதற்கு உதவாது. ஆதார் தருபவர்களிடம், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேட்டுப் பெறுவது நல்லது. பெற்ற நகலை வாட்ஸ்அப்பில் மற்றவர்களுக்கு அனுப்புவதோ, தேவை முடிந்தபின்னும் கைப்பேசியில் வைத்திருப்பதோ கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று உள்ளது என்பதையும் நினைவில் கொள்க.

6. நடைமுறை: படிப்படியாக

படி 1. விளம்பரத்திலேயே சொல்லுதல். "பதிவு செய்பவர் தங்குபவர்களுள் ஒருவராக இருக்க வேண்டும். வேறொருவருக்காக என்றால் பதிவுக்கு முன் தெரிவிக்கவும். தங்கும் பெரியவர்கள் அனைவரும் அடையாள அட்டை காட்ட வேண்டும்" என்று வீட்டு விதியில் எழுதி வைக்க வேண்டும். முன்பே எழுதியதைப் பின்னர் கேட்டால் யாரும் மனம் கோணமாட்டார்கள்.

படி 2. பதிவு வந்தவுடன் கேட்டல். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். யார் தங்குகிறீர்கள்? எத்தனை பேர்? என்ன காரியமாக வருகிறீர்கள்? எத்தனை மணிக்கு வருவீர்கள்? சிலரிடம் மட்டும் கேட்பது பாகுபாடாகும். அது மனத்தையும் புண்படுத்தும்.

படி 3. வழி காட்டுதல். பிறருக்காக என்று தெரிந்தால் மூன்று வழிகள் உண்டு. தங்குபவர் தம் பெயரில் கணக்குத் தொடங்கித் தாமே பதிவு செய்யலாம். தளத்தில் வசதி இருந்தால் தங்குபவரின் பெயரைப் பதிவில் சேர்க்கலாம். அலுவல் பயணமானால் அதற்குரிய திட்டத்தின் வழியே பதிவு செய்யலாம். ஒரு கணக்கில் உள்ள பதிவை இன்னொரு கணக்குக்கு அப்படியே மாற்றும் வசதி பொதுவாக இருப்பதில்லை. பழையதை ரத்து செய்து புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். ஆகவே இதை வருகைக்குப் பல நாள் முன்பே முடிக்க வேண்டும்.

படி 4. எழுத்தில் உறுதி பெறுதல். தங்குபவர் அனைவரின் பெயர், அவர்களுள் ஒருவரின் கைப்பேசி எண், பதிவு செய்பவரின் பொறுப்பேற்பு வரி ஆகிய மூன்றும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசியதையும், "சற்று முன் பேசியபடி" என்று தொடங்கி அங்கே எழுதிவிட வேண்டும். பின்னாளில் தகராறு வந்தால் தளம் முதலில் பார்ப்பது அதையே.

படி 5. தங்குபவரோடு நேரில் பேசுதல். வருவதற்கு முதல் நாள் அவரையே அழைத்து வழி, வண்டி நிறுத்துமிடம், வீட்டு விதிகள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களுக்குச் செல்லும் சுற்றுலா வாகனங்கள் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் பெற வேண்டும் என்ற விதி வந்தது. பதிவு செய்தவர் இதை அறிந்திருந்தாலும், வண்டியில் வருபவர் அறியாமல் சோதனைச் சாவடியில் நிற்க நேரும். அவ்விதம் உள்ளூரில் நடப்பில் உள்ள விதிகளை வருபவரிடமே சொல்வது வீட்டுக்காரரின் கடமை.

படி 6. சாவி கொடுக்கும்போது சரிபார்த்தல். அட்டையைப் பார்த்து, பெயரைப் பதிவேட்டில் எழுதி, கையொப்பம் பெற வேண்டும். வீட்டைச் சுற்றிக் காட்டும்போதே பொருள்களின் நிலையையும் இருவரும் பார்த்துக்கொண்டால் பின்னர் பேச்சு வராது. கல்யாண வீட்டாராக இருந்தால் ஒவ்வொரு நாளும் தங்குபவர் பட்டியலைத் தரும் பொறுப்பாளர் ஒருவரைக் குறிப்பிடச் சொல்ல வேண்டும்.

7. மாதிரிச் செய்திகள்

மறுப்பதாயினும் கேட்பதாயினும் சொல்லும் விதம் முக்கியம். மகன் பெற்றோருக்காகப் பதிவு செய்திருந்தால் இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். உங்கள் அப்பா அம்மா எங்கள் வீட்டில் தங்க வருவதில் மகிழ்ச்சி. இந்தத் தளத்தின் விதிப்படி தங்குபவர் பெயரில்தான் பதிவு இருக்க வேண்டும். அப்பாவின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிப் பதிவு செய்துவிட்டால், எந்தச் சிக்கலும் இல்லாமல் வந்து இறங்கலாம். அதுவரை அதே தேதியை வேறு யாருக்கும் தராமல் வைத்திருக்கிறேன். அப்பாவின் கைப்பேசி எண் கொடுத்தால் வழியை நானே அவரிடம் சொல்லிவிடுவேன். படி ஏற முடியுமா, சாப்பாட்டில் ஏதும் பத்தியம் உண்டா என்பதையும் சொல்லுங்கள்."

பெரியவர் ஒருவர் இளைஞர் குழுவுக்காகப் பதிவு செய்திருந்தால்:

"வணக்கம் சார். பதிவு செய்பவர் உடன் தங்குவதாக இருந்தால் மட்டுமே நாங்கள் வீடு தருகிறோம். நீங்களும் வந்து தங்குவதாக இருந்தால் மகிழ்ச்சி. இல்லையெனில், தளத்தின் உதவி மையம் வழியே இந்தப் பதிவை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வோம். தவறாக எண்ண வேண்டாம். எல்லோருக்கும் இதே விதிதான்."

இரண்டிலும் குற்றம் சாட்டும் சொல் இல்லை. முதலாவது வழி காட்டுகிறது. இரண்டாவது எல்லையைச் சொல்கிறது.

8. வாசலில்தான் தெரியவந்தால்?

எவ்வளவு கவனமாக இருந்தாலும், வண்டி வந்து நின்றபின்தான் ஆள் வேறு என்று தெரியும் நாளும் வரும். இரவு 9 மணிக்கு எழுபது வயதுத் தம்பதி பெட்டியோடு நிற்கிறார்கள். அவர்களுக்குத் தளத்தின் விதியும் தெரியாது, மகன் என்ன எழுதினான் என்பதும் தெரியாது. "உங்கள் பெயரில் பதிவு இல்லை" என்று கதவைச் சாத்துவது விதிப்படி சரியாக இருக்கலாம், முறை அன்று.

இத்தகைய நேரத்தில் முதலில் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு பதிவு செய்தவரை அழைத்து, தங்குபவரின் பெயரையும் பொறுப்பேற்பு வரியையும் உடனே செய்திப் பெட்டியில் எழுதச் சொல்ல வேண்டும். தளத்தின் உதவி மையத்துக்கும் தெரிவித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். அடையாள அட்டைகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இவையெல்லாம் அரை மணி நேர வேலை.

ஆனால் சொன்ன எண்ணிக்கையை விடப் பலர் வந்திருந்தாலோ, அட்டை காட்ட மறுத்தாலோ, பதிவு செய்தவர் அழைப்பை எடுக்காவிட்டாலோ சாவி கொடுக்கக் கூடாது. உதவி மையத்துக்கு உடனே எழுத வேண்டும். மிரட்டல் இருந்தால் 112 எண்ணை அழைக்கலாம்.

9. ஏமாற்று வேலைகளின் அடையாளங்கள்

பிறருக்காக என்ற போர்வையில் நடக்கும் மோசடிகளில் சில பொது அடையாளங்கள் உண்டு.

தளத்துக்கு வெளியே பணம் அனுப்புவதாகச் சொல்லுதல். வாடகையை விடக் கூடுதலாக அனுப்பிவிட்டதாகவும், மீதியை ஓட்டுநரிடமோ முகவரிடமோ கொடுக்கும்படியும் கேட்டல் ஆகியவை அவற்றுள் பழையவை. கூடுதல் தொகை உண்மையில் வந்திருக்காது, அல்லது திருட்டு அட்டையிலிருந்து வந்திருக்கும். பின்னர் அது திரும்பப் பெறப்படும்போது, மீதியாகக் கொடுத்த பணம் வீட்டுக்காரரின் இழப்பாகும்.

இராணுவ அதிகாரி என்று சொல்லி, குடும்பத்துக்காக வீடு கேட்டு, பணம் அனுப்புவதற்கென்று கியூ.ஆர். குறியீட்டை அனுப்புவது இந்தியாவில் பரவலான மோசடி. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை. குறியீட்டை வருடி ரகசிய எண்ணை இட்டால் பணம் போகுமே தவிர வராது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

தங்குபவரின் பெயரைக் கேட்டால் மழுப்புதல், கடைசி நேரத்தில் ஓர் இரவுக்கு மட்டும் பெரிய வீட்டைக் கேட்டல், அவசரப்படுத்துதல் ஆகியவையும் கவனிக்கத் தக்கவை. ஓர் அடையாளம் மட்டும் இருப்பதால் ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று முடிவு செய்ய வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் விலகிக்கொள்வதே நல்லது.

10. பதிவு செய்து தருபவர்களுக்கு

வீட்டில் இணையம் அறிந்தவர் என்ற முறையில் மாணவர்களே பலருக்குப் பதிவு செய்து தருகிறார்கள். அவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில.

• யாருக்காகப் பதிவு செய்கிறீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். சொன்னால் கிடைக்காது என்ற அச்சத்தில் மறைத்தால், வாசலில் நின்று விடை சொல்ல வேண்டியவர் உங்கள் தாத்தாவாக இருப்பார்.
• வீட்டு விதிகளைத் தங்குபவருக்குப் படித்துக் காட்டுங்கள்.
• வீட்டுக்காரரின் பெயர், எண், முகவரி, வழி ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.
• அசல் அடையாள அட்டையை எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.
• உங்கள் கணக்கில் நண்பர்களுக்கு வீடு எடுத்துத் தரும் முன், அவர்கள் செய்யும் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

முடிவுரை

பிறருக்கான முன்பதிவு குற்றமன்று. குடும்பத்துக்கு ஒருவர் பொறுப்பெடுத்து எல்லோருக்கும் ஏற்பாடு செய்வது நம் பழக்கம். கல்யாணத்துக்கும் காசி யாத்திரைக்கும் சத்திரம் பேசிவைத்தவர் ஒருவர், தங்கியவர் பலர் என்றே நம் வீடுகளில் நடந்து வந்திருக்கிறது. அன்று சத்திரக்காரருக்கும் வந்தவருக்கும் இடையில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். இன்று அந்த இடத்தில் ஒரு கணக்கும் ஒரு செயலியும் இருக்கின்றன. தெரிந்தவர் செய்துவந்த அறிமுகத்தை இப்போது வீட்டுக்காரர்தான் கேட்டுப் பெற வேண்டும். யார் வருகிறார் என்று முன்பே கேட்டு, பெயரை எழுதி, வருபவரோடு ஒருமுறை பேசிவிட்டால் வீட்டுக்கும் பாதுகாப்பு. வந்து இறங்குபவருக்கும் மரியாதை.